காக்கிச் சட்டைக்கு ஏன் நடுங்குகிறோம்?



சோறு உண்ண அடம் பிடிக்கும் பிள்ளைக்கு நம் வீடுகளில் இரண்டு பூச்சாண்டிகள் உண்டு. ஒருவர், சாக்குப் பையோடு வரும் பிள்ளை பிடிக்கிறவர். இன்னொருவர் போலீஸ்காரர். “இந்த ஒரு வாயை வாங்கிக்கோ, இல்லாட்டி மாத்தா-மாத்தா வந்து புடிச்சிட்டுப் போயிடும்” என்று சொல்லாத பாட்டியை நான் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் மலாய் மொழியில் போலீசுக்கு வழங்கிய பெயர் அது. ‘மாத்தா’ என்றால் கண். ஊரைப் பார்த்துக்கொள்ளும் கண் என்ற பெயர், நம் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையை விழுங்கும் பூதமாகிவிட்டது. போலீஸ்காரரின் சட்டையும் காக்கி நிறம் மாறிக் கருநீலமாகிப் பல காலம் ஆயிற்று. நம் வாயில் மட்டும் இன்னும் காக்கிச் சட்டைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்குச் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு சார்ஜன் வந்தார். நல்ல மனிதர். பிள்ளைகளுக்குக் கொடுக்க மிட்டாயெல்லாம் வாங்கி வந்திருந்தார். அவர் வகுப்பு வாசலில் கால் வைத்ததும் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். இன்னொருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். “நான் ஒண்ணும் பண்ணலே டீச்சர்” என்றாள். ஆறு வயதுப் பிள்ளை, யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, தன்மேல் குற்றமில்லை என்று சாட்சி சொல்கிறது! அந்தச் சார்ஜன் குந்தி உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையைப் பேசி அவளைச் சிரிக்க வைக்கக் கால் மணி நேரம் பிடித்தது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்துக்குள் போலீஸ் தானாக வராது. துரை கூப்பிட்டால் வரும், கிராணியார் போன் செய்தால் வரும். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் பிரட்டுக் களத்தில் நின்றுவிட்டால் லாரியில் வந்து இறங்கும். லயத்துக்காரன் பொருள் களவு போனதென்று சொல்லப்போனால் அதே போலீஸ் அவனை வாசலில் காக்க வைக்கும். முதலாளியின் ஆள் என்று ஒரு முறை மனத்தில் பதிந்துவிட்டால், தலைமுறை மாறினாலும் அது எளிதில் அழிவதில்லை.

அதன்பின் 1948-இல் அவசரகாலம் வந்தது. அது தொடங்கிய இடமே நம் பேராக் மாநிலம்தான். அந்த ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து 1960 வரையில் தோட்டத்து வாழ்க்கை முள்வேலிக்குள் நடந்தது. விடியற்காலையில் பால் வெட்டப் போகிற பெண்கள் கேட்டில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பிடி சோறு வெளியே எடுத்துச் செல்ல முடியாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வெறும் வயிற்றோடு மலைக்காட்டில் மரம் சீவிய கதையை என் பாட்டி சாகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கப் போன குழு தாக்கப்பட்டு 12 பேர் மடிந்தபோது, ஜெனரல் டெம்ப்ளர் அந்த ஊருக்கே தண்டனை விதித்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அரிசிப் பங்கிலும் குறைப்பு. யார் செய்தார் என்று தெரியாததால் ஊரார் எல்லாரும் பட்டார்கள். அந்த ஊரில் குழந்தையாக இருந்தவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இப்போது என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்படியே முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தில் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் நாள். சிலாங்கூரில் ஏ. குகன் என்ற 22 வயது இளைஞரைக் கார் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் போலீசார் பிடித்தார்கள். ஆறு நாள் கழித்து, ஜனவரி 20-ஆம் தேதி, சுபாங் ஜெயாவில் உள்ள தைப்பான் போலீஸ் நிலையத்தில் விசாரணையில் இருந்தபோதே இறந்து போனார். தண்ணீர் கேட்டார், குடித்தார், சரிந்தார் என்று முதலில் சொல்லப்பட்டது. செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது. ஆனால் குடும்பத்தார் பிணவறைக்குள் போய்ப் பிள்ளையின் உடலைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்காமல் படமும் எடுத்தார்கள். முதுகு முழுவதும் காயம். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. இரண்டாவது பரிசோதனை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. அதில் உடலின் வெளிப்புறத்தில் மட்டும் 45 காயங்கள் எண்ணப்பட்டன. அடிபட்ட தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்று அந்த அறிக்கை சொன்னது.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரே உடல், இரண்டு அறிக்கை. குடும்பத்தார் அழுதுகொண்டே பெட்டியை வாங்கி அடக்கம் செய்திருந்தால் முதல் அறிக்கைதான் சரித்திரமாகியிருக்கும்.

பிறகு என்ன நடந்தது? சட்டத்துறைத் தலைவர் இதைக் கொலை வழக்காக வகைப்படுத்தச் சொன்னார். 11 போலீஸ்காரர்கள் மேசை வேலைக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் கொலைக் குற்றம் யார்மீதும் வரவில்லை. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயம் விளைவித்தார் என்று ஒரே ஒரு கான்ஸ்டபிள் மட்டும் நீதிமன்றத்தில் நின்றார். முதலில் விடுதலையானார், மறுபடி விசாரணை நடந்து 2012-இல் மூன்று ஆண்டுச் சிறை. நாற்பத்தைந்து காயத்தையும் ஒரு கான்ஸ்டபிள் தனியாக நின்று உண்டாக்கினாரா, நிலையத்தில் இருந்த மற்றவர்களுக்குக் காது கேட்கவில்லையா என்று ஊரில் பாமர ஜனங்கள்கூடக் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

குகனின் தாயார் சிவில் வழக்குப் போட்டார். அரசாங்கத்தின்மீதும் அதன் ஊழியர்மீதும் வழக்குப் போட நம் சட்டம் 36 மாதம்தான் தவணை கொடுக்கிறது. அந்தத் தவணை முடியும் தறுவாயில், 2012 ஜனவரியில் வழக்குப் பதிவானது. 2013 ஜூன் 26-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. டி. சிங்கம் தீர்ப்பளித்தார். போலீசும் அரசாங்கமும் பொறுப்பு, அந்தச் சமயத்தில் சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவரும் பொறுப்பு என்று கூறி, 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அந்தத் தலைவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் நாட்டுக்கே போலீஸ் படைத் தலைவராகப் பதவி உயர்வு பெற்றிருந்தார்! 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பொறுப்பு அவர்களுடையதே என்று உறுதிப்படுத்தியது. இழப்பீட்டுப் பணம் போலீஸ்காரர் யாருடைய சம்பளத்திலிருந்தும் வராது. அது நீங்களும் நானும் கட்டும் வரிப்பணம்.

இனி ஒரு கசப்பான விஷயம் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். குகன் இறந்த சமயத்தில் நம் ஆட்கள் பேசியதையே ஒட்டுக்கடைகளில் கேட்டிருக்கிறேன். “காரைத் திருடினான், வாங்கிக்கிட்டான்” என்றார்கள். அவர் திருடினாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே ஆள் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் “பாலாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போயி நாலு சாத்து சாத்தினா உண்மை வந்துரும்” என்று சொல்கிறவர்களும் நாம்தான். பட்டணத்து அடுக்குமாடிகளில் குண்டர் கும்பலின் தொல்லை பெருகும்போது, போலீஸ் சுட்டுத் தள்ளினால் தேவலை என்கிறவர்களும் நாம்தான். சுடப்பட்டவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கும் அன்று மட்டும் நமக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. திருடனுக்கும் உரிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். லோக்காப்பில் இருப்பவன் திருடனா இல்லையா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள்?

போலீஸ் வேலை சுலபமானதென்று நான் சொல்ல வரவில்லை. பாராங் கத்தியோடு நிற்பவனிடம் வெறுங்கையோடு போகச் சொல்ல முடியாது. என்னிடம் படித்த பிள்ளைகளில் இருவர் இன்று போலீசில் இருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட லீவு கிடைக்காமல் ரோட் பிளாக்கில் நிற்கிறார்கள். பலத்தைப் பயன்படுத்தவே கூடாதென்று சட்டமும் சொல்லவில்லை. கைதை எதிர்த்துப் போராடுகிறவனை அடக்க வேண்டிய அளவுக்குப் பலம் பயன்படுத்தலாம். ஆனால் பிடிபட்டவன் தப்பியோடாமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அடித்து வாக்குமூலம் வாங்குவதைத் தண்டனைச் சட்டத்தின் 330, 331 பிரிவுகள் குற்றமாக வைத்திருக்கின்றன. போலீஸ்காரர் செய்தாலும் அது குற்றம்தான். சட்டப் புத்தகத்தில் குறை அதிகமில்லை. மீறினால் யார் கேட்பது என்பதில்தான் எல்லாக் குறையும்.

இதைக் கேட்க ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று சொன்னவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்லர். அரசாங்கமே அமைத்த அரச ஆணையம் அப்படிச் சொன்னது. முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் 2004-இல் அமைந்த அந்த ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. அவற்றில் முக்கியமானது ஐ.பி.சி.எம்.சி. என்கிற சுயேச்சை ஆணையம். போலீசுக்கு எதிரான புகாரைப் போலீசே விசாரிக்காமல் வெளியார் விசாரித்து, தண்டிக்கவும் அதிகாரம் வேண்டும் என்பது அதன் சாரம். பதினெட்டு ஆண்டு இழுத்தார்கள். நடுவே 2011-இல் எல்லா அமலாக்கத் துறைகளுக்கும் சேர்த்து ஓர் ஆணையம் வந்தது. 2019-இல் ஐ.பி.சி.எம்.சி. மசோதா மக்களவைக்கு வந்து நிறைவேறாமல் போயிற்று. கடைசியில் 2022-இல் ஐ.பி.சி.சி. என்ற போலீஸ் நடத்தை ஆணையத்துக்குச் சட்டம் செய்து, 2023 ஜூலை 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். பெயரில் ஓர் எழுத்துத்தான் குறைந்தது. அதிகாரத்தில் குறைந்ததோ அதைவிட அதிகம். ஐ.பி.சி.சி. புகாரை வாங்கலாம், விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்க முடியாது. தண்டனையை முடிவு செய்வது போலீஸ் படை ஆணையம். இதைப் பல் பிடுங்கிய பாம்பு என்று சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கும் மனநிறைவு இல்லை. ஆனால் அது வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பதும் சரியில்லை. புகாரே வராத ஆணையத்துக்கு, எங்களுக்கு வேலையில்லை, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்வது சுலபம்.

அவநம்பிக்கை அடியால் மட்டும் வருவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதாலும் வருகிறது. நம் ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கதை உங்களுக்குத் தெரியும். மதம் மாறிய கணவர் 2009-இல் 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று ஈப்போ உயர் நீதிமன்றம் சொன்னது. தகப்பனைப் பிடிக்கும்படி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் போலீஸ் படைத் தலைவருக்கே கட்டளையிட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தாய் தெருவில் நின்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கார் திருட்டுச் சந்தேகத்துக்கு அத்தனை வேகம், நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் கட்டளைக்கு இத்தனை மெத்தனமா என்று லயத்துப் பெண்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19-ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்ற தகப்பனையும் பென்னிக்ஸ் என்ற மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். இரவு முழுவதும் அடி. 22-ஆம் தேதி மகனும் மறுநாள் தகப்பனும் இறந்தார்கள். அந்த வழக்கு நிற்பதற்குக் காரணமானவர்களில் ஒருவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. தாம் கண்டதை அவர் விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கூட வேலை பார்ப்பவர்கள் சுற்றி நிற்க, பிள்ளைகள் பெற்ற ஒரு பெண்மணி அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து ஒன்பது நிமிடம் அழுத்திய போலீஸ்காரர் டெரெக் சாவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை கிடைத்தது. அதற்கு இரண்டு காரணம். தெருவில் நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். அந்நகரப் போலீஸ் தலைவரே கூண்டேறி, நாங்கள் கற்றுக் கொடுத்த முறை இதுவன்று என்று சாட்சியம் அளித்தார். நம் நாட்டில் அப்படிக் கூண்டேறிய போலீஸ் தலைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, ஊர்க் கதை போதும். இரவு பதினோரு மணிக்குப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? நம் அம்மாமார்கள் முதலில் அழுகிறார்கள். பிறகு கட்சிக்காரர் ஒருவரைத் தேடிப் போகிறார்கள். அவர் வீட்டில் இருக்க மாட்டார். இதற்குள் விடிந்துவிடும்.

முதல் 24 மணி நேரம்தான் முக்கியம். பிடிபட்டவரை அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாவது விதி. எதற்காகப் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. விசாரிக்கத் தொடங்குமுன் குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள் என்பது போன்ற காரணம் காட்டி அதிகாரிகள் இதை மறுக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. அப்படிச் சொன்னால் வாசலில் நின்று கத்தாதீர்கள். எந்த நிலையம், யார் விசாரணை அதிகாரி, எந்தப் பிரிவில் பிடித்தார்கள், நாளைக்கு எந்தக் கோர்ட், எத்தனை மணிக்கு என்று மரியாதையாகக் கேட்டுப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதிகாரியின் பெயரையும் எண்ணையும் கண்ணெதிரே எழுதுகிற தாய்க்குக் கிடைக்கும் பதில் வேறு மாதிரி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டு வரும்போது கட்டாயம் கோர்ட்டுக்குப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த சிறைக்குரிய குற்றமென்றால் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள்தான் வைக்க முடியும். அதற்கு மேற்பட்ட குற்றத்துக்கு ஏழும் ஏழும். அங்கே தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இலவசமாக வருவதுண்டு. 2012-இல் தொடங்கிய ஏற்பாடு அது. யாரும் வரவில்லையென்றால் கோர்ட் குமாஸ்தாவிடம் கேளுங்கள். பிள்ளைக்கு அடிபட்டிருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படுகிற இடம் அதுவன்று. சாத்தான்குளத்தில் மாஜிஸ்திரேட் அந்த இருவரையும் சரியாகப் பார்க்காமலே ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டார் என்ற குறை பின்னால் எழுந்தது. கிள்ளானில் 2017 பிப்ரவரியில் நடந்தது வேறு. எஸ். பாலமுருகன் என்ற 44 வயதுக்காரரின் நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட் ரிமாண்டுக்கு மறுத்து, விடுவிக்கவும் மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் சொன்னார். போலீசார் அவரை விடாமல் மறுபடி நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அன்றிரவே அவர் இறந்தார். மாஜிஸ்திரேட் சொல்லியும் நடந்ததே என்று நீங்கள் சோர்ந்து போகலாம். ஆனால் அந்தக் கட்டளை கோர்ட் பதிவில் இருந்ததால்தான் போலீஸ் செய்தது தவறென்று எல்லாருக்கும் விளங்கிற்று. அதனால், விடுதலை என்று சொன்ன பிறகும் ஆளைக் கையில் வாங்கும் வரையில் கோர்ட்டை விட்டு வராதீர்கள்.

வாலிபப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ரோட் பிளாக்கைக் கண்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள். லைசன்ஸ் இல்லை, சாலை வரி முடிந்துவிட்டது என்பதற்குச் சம்மன் வரும், அவ்வளவுதான். ஓடுகிறவன் எதற்கு ஓடுகிறான் என்று இருட்டில் நிற்கிற போலீஸ்காரருக்குத் தெரியாது. ஐ.சி. கேட்டால் காட்டத்தான் வேண்டும். நிலையத்தில் கேட்கும் கேள்விக்குப் பெயர், விலாசம் சரியாகச் சொல்லுங்கள். தன்னைத்தானே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க 112-ஆவது பிரிவு இடம் தருகிறது. படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மலாய் விளங்கவில்லையென்றால் விளங்கவில்லை என்று சொல்வதில் அவமானம் ஏதுமில்லை.

விடுதலையாகி வந்த பிள்ளையின் உடம்பில் காயம் இருந்தால் அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தால் நீலம் பாரித்தது நாலு நாளில் மறைந்துவிடும், அதோடு சாட்சியும் மறைந்துவிடும். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்கும்போது “கீழே விழுந்துட்டான்” என்று சொல்லாதீர்கள். படம் எடுங்கள். அதற்குப் பிறகு ரிப்போர்ட். அதே நிலையத்தில் கொடுக்கப் பயமாக இருந்தால் வேறு நிலையத்தில் கொடுக்கலாம், தடையில்லை. ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த நகலை வைத்துக்கொண்டு ஐ.பி.சி.சி.க்கும் எழுதலாம், மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதலாம். நான்கு வாரம் ஆகியும் ஒரு செய்தியும் இல்லையென்றால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்க 107ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தும். கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

இந்த 107ஏ-யை நம் ஆட்களில் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. எனக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்துத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபின் பட்டணத்து மலிவு வீட்டுக்குக் குடிபோன பழைய பால்வெட்டுக்காரர். மகனை இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். வந்தவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. மருத்துவமனைச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் இருந்தது. ஐந்தாவது வாரம் என் வீட்டுக்கு வந்து, “டீச்சரம்மா, கேக்கலாம்னு எழுதியிருந்தீங்களே, எனக்கு ஒண்ணு எழுதித் தாங்க” என்றார். மலாயில் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். அவரே பஸ் ஏறிப் போய்க் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரை குத்தி வாங்கி வந்தார். பத்தாம் நாள் பதில் வந்தது. ஒரு பக்கக் கடிதம்தான். விசாரணை நடந்து வருகிறது, மருத்துவ அறிக்கைக்குக் காத்திருக்கிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கீழே இருந்தன. அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை, சம்பள வாரத்தில், அந்த எண்ணுக்குப் போன் செய்கிறார். சென்ற மாதம் போன் செய்தபோது, அவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே அதிகாரி அவர் குரலை அடையாளம் கண்டுகொண்டாராம்.